பாப்பாவுக்குப் பால் ஆகாதா? பட்ஜெட் உடையாம பசியாத்துறது எப்படி?



வழக்கமா நாம இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டு கடன்னு பேசுவோம். இன்னிக்கு சமையலறையிலிருந்து ஒரு விஷயம். இதுவும் பணம் சம்பந்தப்பட்டதுதான். முதல் மாசம் நான் தெரியாம கொட்டின காசைச் சொன்னா, ஏன் இதை இங்க எழுதுறேன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

என் பொண்ணுக்கு ஒரு வயசு முடியுற சமயம். அதுவரைக்கும் தாய்ப்பால், கஞ்சி, இட்லி, பருப்பு சாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் முறையா தயிர் சாதம் பிசைஞ்சு ஊட்டினோம். நாலு வாய்தான் போயிருக்கும். பத்து நிமிஷத்துல கன்னம், கழுத்தெல்லாம் திட்டுத்திட்டா தடிச்சுது, உதடு வீங்கிடுச்சு, வாந்தி எடுத்தா. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விசாரிச்சு, டெஸ்ட் பார்த்து, குழந்தை டாக்டர் சொன்னது: பசும்பால் புரத அலர்ஜி. பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், பன்னீர் எல்லாத்துக்கும் தடா.

அன்னிக்கு ராத்திரியே போனைத் திறந்து ஆர்டர் போட ஆரம்பிச்சேன். பயத்துல இருக்கிற அப்பா கையில கிரெடிட் கார்டு இருந்தா என்ன ஆகும்? இதுதான் ஆகும்:

முதல் மாசக் கணக்கு

- பாதாம் பானம், 12 பாக்கெட்: ₹3,360
- ஓட்ஸ் பானம், 4 பாக்கெட்: ₹1,160
- ‘வீகன்’ சீஸ், ‘வீகன்’ தயிர்: ₹1,450
- ‘டெய்ரி ஃப்ரீ’ பிஸ்கட், சாக்லேட்: ₹980
- ஆன்லைன்ல புக் பண்ணின ‘ஃபுட் இன்டாலரன்ஸ்’ டெஸ்ட்: ₹6,500

மொத்தம் ₹13,450. கைக்கு வர்ற சம்பளம் 62,000. அதுல வாடகை, பைக் இஎம்ஐ போக மிச்சம் இருக்கிறதுல இது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

அடுத்த தடவை டாக்டர்கிட்ட போனப்ப இந்த லிஸ்ட்டைப் பெருமையா காட்டினேன். அவர் சிரிக்கல. “இதுல பாதிக்கு மேல உங்க குழந்தைக்குத் தேவையே இல்ல. தேவையான ரெண்டு மூணு விஷயம் இதுல இல்லவே இல்ல”ன்னு சொன்னார். அந்த ஒரு வரியிலதான் இந்தக் கட்டுரையே இருக்கு.

முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது: அலர்ஜி வேற, லாக்டோஸ் பிரச்சனை வேற

இந்த வித்தியாசம் தெரியலைன்னா காசும் போகும், ஆபத்தும் வரும்.

பால்ல இருக்கிற சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காம வயிறு உப்பறது, வயித்தால போறது ஒரு வகை. சங்கடமா இருக்கும், உயிருக்கு ஆபத்து கிடையாது. பால் அலர்ஜி அப்படி இல்ல. பால்ல இருக்கிற கேசின், வே மாதிரியான புரதங்களை உடம்பு எதிரின்னு நினைச்சுத் தாக்குறதுதான் அலர்ஜி. சில குழந்தைகளுக்குச் சில நிமிஷத்துலயே தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வரும். சிலருக்கு மெதுவா, மலத்துல ரத்தம், ஓயாத வாந்தி, எடை ஏறாம இருக்கிறதுன்னு காட்டும்.

இது புரிஞ்சா, கடையில ‘ஸ்பெஷல்’னு விக்கிற பல பால்களுக்கு நீங்க காசு கொடுக்க வேண்டியதில்ல:

- லாக்டோஸ் ஃப்ரீ பால்: சர்க்கரையை மட்டும்தான் உடைச்சிருப்பாங்க. புரதம் அப்படியே இருக்கும். அலர்ஜி குழந்தைக்குக் கூடாது.
- ஏ2 பால், நாட்டு மாட்டுப் பால்: லிட்டருக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் அதுவும் பசும்பால்தான், கேசினும் வேயும் அதுலயும் இருக்கு.
- ஆட்டுப்பால், எருமைப்பால்: “எங்க காலத்துல ஆட்டுப்பால் கொடுத்துதான் வளர்த்தோம்”னு ஊர்ல ஒரு பாட்டி கண்டிப்பா சொல்லுவாங்க. இந்தப் புரதங்களும் பசும்பால் புரதமும் ரொம்ப ஒத்துப்போறதால, பசும்பால் ஆகாத பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவும் ஆகாது.
- தெருவுல வர்ற கழுதைப்பால்: காய்ச்சாம பச்சையா சங்குல ஊத்திக் கொடுக்கிறது எந்தக் குழந்தைக்கும் கிருமித் தொற்று ஆபத்து.

அந்த ₹6,500 டெஸ்ட் விஷயத்தையும் சொல்லிடறேன். ரத்தத்துல ஐஜிஜி அளவைப் பார்த்து நூறு உணவுக்கு ரிப்போர்ட் தர்ற பேக்கேஜ் அது. உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க ஐஜிஜி டெஸ்ட் உதவாதுன்னு உலக அளவில் அலர்ஜி மருத்துவர் சங்கங்களே சொல்லிட்டாங்க. என் ரிப்போர்ட்ல அரிசி, முட்டை, கத்தரிக்காய்கூட சிவப்புக் கலர்ல வந்துச்சு. அதை நம்பியிருந்தா குழந்தையைப் பட்டினிதான் போட்டிருக்கணும். டாக்டர் பார்க்கிறது ஐஜிஇ டெஸ்ட், தோல்ல செய்யுற டெஸ்ட், எல்லாத்துக்கும் மேல ‘என்ன சாப்பிட்டா, எவ்வளவு நேரத்துல என்ன ஆச்சு’ங்கிற விவரம். அதனால முதல் செலவு டாக்டர் ஃபீஸா இருக்கட்டும். சென்னையில இருக்கிறவங்களுக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கு, அதையும் மறந்துடாதீங்க.

ஒரு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைன்னா கணக்கு வேற. தாய்ப்பால்தான் முதல் சாய்ஸ். தேவைப்பட்டா அம்மாவையும் கொஞ்ச நாள் பால் பொருள் நிறுத்தச் சொல்லுவாங்க. தாய்ப்பால் இல்லைன்னா புரதத்தை உடைச்ச ஸ்பெஷல் பவுடர் எழுதுவாங்க. அது டின் ஆயிரக்கணக்குல வரும், வேற வழியில்ல, அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பாதாம் பானமோ அரிசிக் கஞ்சித் தண்ணியோ அதுக்கு மாற்று ஆகாது. எந்த பிராண்டுன்னு கேட்காதீங்க. குழந்தைப் பால் பவுடரை விளம்பரப்படுத்த இந்தியாவுல 1992 சட்டப்படி தடை இருக்கு. அது டாக்டர் எழுத வேண்டியது.

இனிமே நான் பேசப்போறது ஒரு வயசு தாண்டி, வீட்டுச் சாப்பாடு சாப்பிடுற குழந்தைகளைப் பத்தி.

பாலுக்கு மாற்று தேடாதீங்க, பால் கொடுத்ததுக்கு மாற்று தேடுங்க

நான் பண்ணின தப்பு இதுதான். வெள்ளையா, டம்ளர்ல ஊத்துற மாதிரி இருக்கிறதெல்லாம் பாலுக்கு மாற்றுன்னு நினைச்சேன். பாதாம் பானத்தோட லேபிளைத் திருப்பிப் பார்த்தா, முதல் பொருள் தண்ணி, பாதாம் அளவு ஒற்றை இலக்க சதவீதம். புரதம் ரொம்பக் கம்மி. நம்ம தேங்காய்ப்பாலும் அப்படித்தான். கொழுப்பு இருக்கு, ருசி இருக்கு, கால்சியமும் புரதமும் பேருக்குத்தான். குழம்புக்கு, இடியாப்பத்துக்கு அருமை. டம்ளர்ல கொடுத்துட்டு ‘பால் கொடுத்தாச்சு’ன்னு நிம்மதியா இருக்கக் கூடாது.

பால் ஒரு குழந்தைக்குக் கொடுக்கிறது முக்கியமா நாலு: கால்சியம், புரதம், பி12, கொழுப்போட சேர்ந்த கலோரி. இந்த நாலையும் தனித்தனியா வேற இடத்துலேருந்து எடுத்துட்டா வேலை முடிஞ்சது.

1 முதல் 3 வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 மி.கி கால்சியம் வேணும்னு ஐசிஎம்ஆர் சொல்லுது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில 364 மி.கி கால்சியம் இருக்கு. 100 கிராம் பசும்பால்ல சுமார் 118 தான். முருங்கைக்கீரையில 100 கிராமுக்கு 300-க்கு மேல, எள்ளுல 1,000-க்கு மேல.

ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லிடறேன். எள்ளு, சில கீரைகள்ல இருக்கிற கால்சியம் முழுசும் உடம்புல சேராது. அதனால பேப்பர்ல 500 வந்துட்டா போதும்னு விட்டுடாதீங்க. சப்ளிமென்ட் வேணுமாங்கிறதை டாக்டர் முடிவு பண்ணட்டும்.

என் பொண்ணுக்கு இப்ப ரெண்டரை வயசு. எங்க வீட்டு சாதாரண நாள் ஒண்ணு:

- காலை: ராகி தோசை அல்லது வெல்லம் போட்ட ராகிக் கூழ் (மாவு 30 கிராம்): சுமார் 110 மி.கி
- பத்தரை மணி: வேகவச்ச முட்டை ஒண்ணு, வாழைப்பழம்: 25 மி.கி
- மதியம்: பருப்பு சாதம், முருங்கைக்கீரைப் பொரியல் (கீரை 20 கிராம்), மேல ஒரு ஸ்பூன் எண்ணெய்: 60 மி.கி
- சாயங்காலம்: கால்சியம் சேர்த்த சோயா பானம் 200 மி.லி: 240 மி.கி (லேபிள்ல 100 மி.லி-க்கு 120 இருந்தா)
- ராத்திரி: இட்லி, நல்லெண்ணெயில குழைச்ச எள்ளுப்பொடி ஒரு ஸ்பூன்: 55 மி.கி

கூட்டினா 490. பருப்பு, பழம்னு சில்லறையா வர்றதைச் சேர்த்தா 500-ஐ எட்டிடும். வாரத்துக்கு ஒரு நாள் நெத்திலிக் குழம்பு, முள்ளோட நல்லா வேகவச்சு மசிச்சு. அன்னிக்கு போனஸ்.

சில எச்சரிக்கைகள். பால் அலர்ஜி இருக்கிற குழந்தைகள்ல சிலருக்கு சோயாவும் ஆகாது. முட்டை, எள்ளு, வேர்க்கடலை, மீனும் சிலருக்கு அலர்ஜி கொடுக்கும். எதையும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு, ஒண்ணொண்ணா, கொஞ்சமா ஆரம்பிங்க. முழுப் பருப்பு, முழு வேர்க்கடலை சின்னக் குழந்தைக்குத் தொண்டையில சிக்கும், பொடிச்சுத்தான் கொடுக்கணும். சுத்த சைவக் குடும்பம்னா ஒண்ணு கவனிங்க: பால், முட்டை, மீன் மூணும் இல்லாத சாப்பாட்டுல பி12 கிடைக்கவே கிடைக்காது. கீரை எவ்வளவு சாப்பிட்டாலும் வராது. சொட்டு மருந்தோ சிரப்போ கண்டிப்பா தேவைப்படும், முதல் விசிட்லயே கேட்டுடுங்க. வைட்டமின் டி பத்தியும் சேர்த்துக் கேளுங்க.

மூணாவது மாசக் கணக்கு

- முட்டை 30: ₹210
- ராகி 2 கிலோ: ₹100
- எள்ளு கால் கிலோ: ₹60
- நெத்திலி, வாரம் ஒரு தடவை: ₹600
- தேங்காய் 6: ₹180
- கீரை 12 கட்டு: ₹240
- பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை: ₹150
- சோயா பானம் 4 பாக்கெட்: ₹600
- டாக்டர் எழுதின சிரப்: ₹350

மொத்தம் ₹2,490. இதுல மீன், கீரை எல்லாம் நாங்களும்தான் சாப்பிடுறோம். பாப்பாவுக்குன்னு வாங்க நினைச்ச தினசரி அரை லிட்டர் பால் மிச்சம், அது மாசம் ₹750. ஆக, உண்மையான கூடுதல் செலவு ₹1,740. இது எங்க ஏரியா விலை. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்க ஒரு தடவை கணக்குப் பாருங்க.

டெஸ்ட் செலவை ஒதுக்கிட்டுப் பார்த்தாலும், முதல் மாசம் சாப்பாட்டுக்கு மட்டும் ₹6,950. இப்ப ₹2,490. வித்தியாசம் மாசம் ₹4,460, வருஷத்துக்கு ₹53,520. ‘வழக்கம் போல இதை எஸ்ஐபி-ல போடச் சொல்லப் போறான்’னு நினைக்கிறீங்களா? அதுக்கு முன்னாடி ஒரு கதை கேளுங்க.

ரெண்டு வாய் பிரியாணி, ₹11,000 பில்

போன வருஷம் சொந்தக்காரங்க வீட்டு ரிசப்ஷன். பாயசம், ஐஸ்கிரீம், பன்னீர் பக்கம் பாப்பாவை விடவே இல்ல. ‘வெறும் குஸ்காதானே’ன்னு ரெண்டு வாய் ஊட்டினேன். பிரியாணிக்குக் கறியைத் தயிர்ல ஊறவைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்துக்குத் தோணல. ஒரு வார்த்தை கேட்கவும் இல்ல. கொஞ்ச நேரத்துல இருமல், உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுல விசில் சத்தம். பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஊசி போட்டு, ராத்திரி பூரா கண்காணிப்புல வச்சு, காலையில நல்லபடியா அனுப்பினாங்க.

பில் ₹11,000. கம்பெனி இன்சூரன்ஸ் கார்டை நீட்டினேன், கிடைக்கல. பெரும்பாலான பாலிசியில, குறிப்பிட்ட டே-கேர் சிகிச்சைகளைத் தவிர, 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருந்தாத்தான் க்ளைம். நாங்க இருந்தது பன்னெண்டு மணி நேரம். யாரையும் குறை சொல்ல முடியாது. பாலிசியிலயே எழுதியிருக்கு, படிக்காதது நான்தான்.

அதனால அலர்ஜி இருக்கிற குழந்தை வீட்டுல பண விஷயத்துல இந்த வரிசையில போங்க:

1. தனி மருத்துவக் கையிருப்பு. உங்க பொதுவான எமர்ஜென்சி ஃபண்ட் தவிர, ₹25,000 தனியா. சேவிங்ஸ் அக்கவுண்ட்ல பாதி, ஆர்டி-யிலயோ லிக்விட் ஃபண்ட்லயோ பாதி. மிச்சமாகிற ₹4,460-ஐ ஆறு மாசம் இதுல போட்டாலே ₹26,760 சேர்ந்திடும். அதுக்கப்புறம் எஸ்ஐபி பேசுவோம்.
2. பாலிசியைப் படிங்க. ஓபிடி கவர் இருக்கா? டே-கேர் லிஸ்ட்ல என்னென்ன இருக்கு? எச்ஆர்-கிட்ட ஒரு மெயில் போட்டா பதில் வந்துடும்.
3. தனி ஃபேமிலி பாலிசி எடுக்கிறப்ப அலர்ஜியை மறைக்காதீங்க. ஏற்கனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 விதிகள்படி அதிகபட்சம் 36 மாசம்தான். காத்திருந்து வாங்கிக்கலாம். மறைச்சா, க்ளைம் நேரத்துல எல்லாமே கேள்விக்குறி.
4. மொத்தமா வாங்கிக் குவிக்காதீங்க. ஆறு மாச சந்தா, பன்னெண்டு பாக்கெட் ஆஃபர் எதுவும் வேணாம். பால் அலர்ஜி உள்ள குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு, வளர வளர அது போயிடும். டாக்டர் ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை திரும்பப் பரிசோதிப்பார். ஆனா ‘போயிடுச்சான்னு பார்ப்போம்’னு வீட்டுல நீங்களா ஒரு ஸ்பூன் கொடுத்துப் பார்க்காதீங்க. அந்தப் பரீட்சை டாக்டர் சொல்லி, அவர் கண் பார்வையிலதான்.

பால் ஒளிஞ்சிருக்கிற இடங்கள்

இதுக்கு ஒரு ரூபா செலவில்ல, லேபிளைத் திருப்புற பொறுமை போதும். பாக்கெட் உணவுல பால் இருந்தா அலர்ஜி அறிவிப்புல போட்டே ஆகணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட 2020 லேபிள் விதிகள் சொல்லுது. ‘கன்டெய்ன்ஸ் மில்க்’னு இருக்கான்னு பாருங்க. மில்க் சாலிட்ஸ், வே பவுடர், கேசினேட், பட்டர், கீ எல்லாம் பால்தான். ‘நான்-டெய்ரி’ன்னு பெரிசா போட்டிருக்கிற காபி க்ரீமர்லகூட சோடியம் கேசினேட் இருக்கலாம்.

லேபிளே இல்லாத இடம்தான் இன்னும் கஷ்டம்:

- டீக்கடை பன், ரஸ்க், பெரும்பாலான பிஸ்கட்
- ஹோட்டல் பொங்கல், நெய் ரோஸ்ட், மோர் ஊத்தின ரவா தோசை
- சிக்கன் 65, பிரியாணி, க்ரீம் போட்ட கிரேவி
- கோயில் சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம்
- ஆடி மாசம் மோர் ஊத்திக் கரைச்ச கூழ்
- ஒரே கல்லுல நெய் தோசைக்கு அடுத்து ஊத்தின சாதா தோசை

வீட்டுக்குள்ளயும் ஒரு சவால் இருக்கு. எங்கம்மா ஒரு நாள், “ஏன்டா, ஒரு கரண்டி மோர் பச்சப்புள்ளைய என்னடா பண்ணிடப் போகுது? உன்னை நான் மோர் சாதத்துலதானே வளர்த்தேன்”னு கேட்டாங்க. நான் வாக்குவாதம் பண்ணல. அடுத்த டாக்டர் விசிட்டுக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் பேசப் பேச அமைதியா கேட்டுக்கிட்டாங்க. இப்ப வீட்டுக்கு யார் வந்தாலும் “புள்ளைக்குப் பால் சாமான் எதுவும் கொடுத்துடாதீங்க”ன்னு முதல்ல சொல்றது அவங்கதான். மோர்க் கரண்டி தனி, பாப்பா கரண்டி தனின்னு சமையலறையைப் பிரிச்சதும் அவங்கதான். எள்ளுப்பொடி ஐடியாவும் அவங்களோடதுதான்!

டே-கேர், ப்ரீ-ஸ்கூல் அனுப்புறவங்க ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதிக் கொடுங்க: என்னென்ன கொடுக்கக் கூடாது, என்ன அறிகுறி வரும், எந்த நம்பருக்குக் கூப்பிடணும். பிறந்தநாள் கேக் வர்ற நாளுக்குன்னு ஒரு டப்பாவுல கடலைமிட்டாயோ எள்ளுருண்டையோ அங்கயே வச்சிடுங்க. (வேர்க்கடலை, எள்ளு ரெண்டும் ஒத்துக்கிற குழந்தைக்கு மட்டும். கடலைமிட்டாயைப் பொடிச்சுக் கொடுக்கணும்.) மூச்சுத்திணறல், நாக்கு உதடு வீக்கம், குழந்தை துவண்டு போறது, இதுல எது வந்தாலும் 108-க்கு போன் பண்ணணும். வீட்டு மருந்து கொடுத்துப் பார்க்கிற நேரமில்ல அது. அந்த நிலைமைக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசிதான், ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் வழி.

கடைசியா...

இந்த வார சம்பளக் கணக்கைப் போடுறப்ப மூணு வேலை செய்யுங்க. கார்ட்ல இருக்கிற ‘டெய்ரி ஃப்ரீ’ லிஸ்ட்டை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்குங்க. ரெண்டு கிலோ ராகி வாங்கி அரைச்சு வைங்க. ₹25,000 கையிருப்புக்கு முதல் தவணையைப் போடுங்க.

எங்க வீட்டு வரவு செலவு எக்ஸெல் ஷீட்டை நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல ஓப்பன் பண்ணிக் காட்டுறேன். பாப்பாவுக்கு அடுத்த மாசம் மறுபரிசோதனை இருக்கு. டாக்டர் என்ன சொன்னாலும் சரி, இந்தத் தடவை ராத்திரியில போனைத் திறந்து ஆர்டர் போட மாட்டேன்!